பதினெட்டடி முகம்

முதல்தரம் கீறினபோது அவளுக்கு நாலடி.
சந்தைப் பக்கம், கோழித்தீன் கடைச் சுவர்.
'யதுர்ஷிகாவுக்கு வாக்களியுங்கள்' என்று கீழே,
அதற்கும் கீழே கோழித்தீன் விலை.

காலிறுதிக்கு எட்டடி.
அரையிறுதிக்கு,
கரடிப்போக்குச் சந்தியில்
ஷெல் துளைகளைச் சீமெந்தால் அடைத்த நெற்களஞ்சியச் சுவர்.
பதினெட்டடி.
கனடாவிலிருந்து ஒரு காசு, சுவிஸிலிருந்து இன்னொரு காசு.
இரண்டு பேருடைய பெயரும் வரவேணும்,
ஒன்று மற்றதற்குக் கீழே வரக்கூடாது.
அவள் காதுக்கு ஒன்றாய்த்
தோடு மாதிரித் தொங்கவிட்டேன்.

படம் வாட்ஸ்அப்பில் வந்தது.
பாடியபடி அழுகிறாள்.
வேறொன்று இல்லையோ என்றேன்.
'அண்ணை, இதுதானே எல்லாருக்கும் தெரிஞ்ச படம்.'
உண்மைதான்.
சென்னை மேடையில் தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள்.
முதல் சுற்றில் கேட்டார்கள்,
மூன்றாம் சுற்றில் திரும்பவும் கேட்டார்கள்,
ஐந்தாவதில் யாரும் கேட்க முன்னமே
எங்கோ ஒரு வயலின் அழத் தொடங்கிவிட்டது.
விசுவமடுவில் வீட்டுக்கு வீடு அழுதோம்.
நானும். சோற்றுக் கோப்பையோடு.

முகத்தைக் கட்டம் கட்டமாய்ப் பிரிப்பேன்.
சாரத்தில் ஏறி நின்றால் முகம் தெரியாது,
கட்டம்தான் தெரியும்.
ஒரு கட்டத்தில் மட்டும் முழுநாள் நின்றேன்:
கண்ணீர்த் துளி.
வெள்ளை, கொஞ்சம் நீலம், ஓரத்தில் தோலின் நிறம்,
நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம்.
கைப்பந்து அளவில் திரண்டு நின்றது.
என் சீவியத்தில் அப்படியொரு துளி போட்டதில்லை.
யாழ்ப்பாண பஸ்கள் வேகம் குறைத்துப் பார்த்தன.

தோற்றாள்.
ஒரு கிழமை சுவருக்கு முன்னால் செல்ஃபி.
அடுத்த கிழமை கதை மாறியது:
தலைக்கனம், உடுப்பு,
பேச்சில் இந்தியா ஒட்டிவிட்டது,
செத்த தகப்பனை விற்றவள்.
ஒருவன் இரவில் வந்து மீசை கீறப் பார்த்தான்.
கை எட்டவில்லை.
மீசை கழுத்தில் கிடந்தது.

மாரி தொடங்க முன் ஒரு பின்னேரம்,
ஸ்கூட்டியில் ஒருத்தி. ஹெல்மெற் கழற்றவில்லை.
'மீசையை அழிக்கவோ நிக்கிறியள்?'
ஓம் என்றேன்.
'அது கிடக்கட்டும். வாயை மூடிவிட ஏலுமோ?'

கண்ணாடிக்குள் கண் தெரிந்தது.
அந்தக் கண்ணை நான் ஓரடி ஓரடியாய் அறிவேன்.
இப்போது சின்னதாய் இருந்தது,
மனிதர் கண்ணளவு.

'அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது.
ரேடியோவில செய்தி மட்டும்தான்.
அவர்தான் எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர் எண்டு
எழுதித் தந்தவை.
அண்டைக்கு லைற் கண்ணுக்குள்ள.
ஒரு துளி வந்தது.
அந்த ஒண்டை எத்தினை தரம் போட்டவை!'

மூவாயிரம் தந்தாள். வாங்கினேன்.
பெயின்ற் விலை உங்களுக்குத் தெரியும்தானே.

இரண்டு நாள் வேலை.
பல்லெல்லாம் போய் உதடு வந்தது.
கழுத்து நரம்பைத் தொட மறந்துவிட்டேன்,
அது இன்னும் மேல் ஸ்தாயியில் விறைத்து நின்றது.
மூடிய வாய்க்குள் எதையோ கடித்துப் பிடித்திருப்பவள் போல.
துளியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அது என் நல்ல வேலை.

இப்போது கொழும்பிலிருந்து வருகிறார்கள்.
'மௌனத்தின் ஓவியர்' என்று போட்டார்கள்,
என் போன் நம்பரைப் பிழையாய்ப் போட்டார்கள்.
நேற்று ஒரு கமராக் கூட்டம்.
சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள்,
துளி சரியாக என் தலைக்கு மேலே.

'அண்ணா, போரில் நீங்கள் யாரை இழந்தீர்கள்?'

லைற்றைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே
இன்னும் கிட்டக் கொண்டுவந்தான் பொடியன்.